கூட்டம் கலைந்த பிறகு வரும் செலவு: மக்கள் போராட்டங்களுக்குப் பணம் கொடுப்போருக்கு முழுமையான வழிகாட்டி

2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியவர்களுக்குச் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் குறைவே இருக்கவில்லை. வண்டி வண்டியாக வந்து இறங்கியது. ஜனவரி 23 அன்று போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது. மாநிலம் முழுக்க வழக்குகள் விழுந்தன. அவற்றைத் திரும்பப் பெறப்போவதாக அரசு அறிவித்தது 2021 பிப்ரவரியில்தான். கூடங்குளத்திலும் இதே கதை. ஆயிரக்கணக்கானோர் மேல் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2013 மே 6 தீர்ப்பிலேயே சொன்னது. அதற்குப் பிறகும் இடிந்தகரை மக்கள் பல ஆண்டுகள் கோர்ட்டுக்கு நடந்தார்கள்.

கேமரா இருக்கும் பத்து நாளில் பணமும் பொருளும் கொட்டும். மூன்றாம் ஆண்டில் வாய்தாவுக்குப் போக பஸ் காசு இருக்காது. போராட்டம் ஓய்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மக்களுக்கு மனம் மாறிவிடுவதால் அல்ல. எனவே கட்சி நிதி, வேட்பாளர் நன்கொடை இரண்டையும் விட்டுவிட்டு, தமிழ்நாட்டில் ஓர் ஊர்க்கமிட்டிக்கோ விவசாயிகள் இயக்கத்துக்கோ மீனவர் கூட்டமைப்புக்கோ பணம் கொடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். சட்டப்படி கொடுக்க வேண்டும், வீணாகக் கூடாது, வாங்குபவரைச் சிக்கலில் மாட்டிவிடவும் கூடாது.

முதல் படி: மாதக் கணக்கில் யோசியுங்கள்

ஒரே தடவையில் 6,000 ரூபாய் கொடுப்பதைவிட மாதம் 500 வீதம் ஓராண்டு கொடுப்பது மேல். மாதம் இவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் ஒரு கமிட்டி வக்கீலிடம் பேச முடியும், ஓர் ஆளை முழுநேரமாக வைக்க முடியும். வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிட்டால் மாதாமாதம் தானே போய்விடும். பதிவுபெற்ற அறக்கட்டளை என்றால் யு.பி.ஐ. ஆட்டோபே வசதியும் இருக்கக்கூடும். 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் நம்பர் கேட்காது.

முழுத் தொகையையும் தவணையில் போட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு 12,000 ஒதுக்க முடியும் என்றால் 8,000-ஐத் தவணையாக அனுப்புங்கள், 4,000-ஐக் கையில் வையுங்கள். கைது வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் நடக்கும். ஜாமீன் மனு திங்கட்கிழமைக்குப் போகும். நடுவில் இரண்டு நாள் குடும்பத்தார் ஊருக்கும் ஜெயிலுக்கும் அலைவார்கள். அந்த நேரத்தில் கிடைக்கும் 2,000 ரூபாய்க்கு, அடுத்த மாதம் வரும் 10,000 ஈடாகாது.

இரண்டாம் படி: யாரிடம் கொடுக்கிறோம் என்று பாருங்கள்

கொடுக்கும் முன் போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறது, பணம் எடுக்க எத்தனை கையெழுத்து வேண்டும்? கடந்த மூன்று மாத வரவுசெலவு யாரிடம் இருக்கிறது, காட்ட முடியுமா? எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்வது யார்? நல்ல கமிட்டி இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது. ஒருவர் பெயரில் மட்டும் கணக்கு இருந்தாலே அவர் தவறானவர் என்று அர்த்தமில்லை. ஆனால் அவரைக் கைது செய்தால் அதே நாளில் பணமும் முடங்கும். விசாரணை அதிகாரி வங்கிக் கணக்கை முடக்கலாம். குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. எனவே இரண்டு அல்லது மூன்று பேர் சேர்ந்து கையெழுத்திடும் கணக்கு இருப்பது நல்லது. அந்தக் கையெழுத்தாளர்களில் ஒருவராவது மேடையில் முன்னணியில் நிற்காதவராக இருந்தால் இன்னும் நல்லது.

க்யூ.ஆர். கோடு வாட்ஸ்ஆப்பில் சுற்றினால் நம்பாதீர்கள். பரபரப்பான வாரத்தில் போலிக் கோடுகள் உடனே முளைக்கும். முதலில் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். திரையில் வரும் பெயரை, நீங்கள் நேரில் அறிந்த ஒருவரிடம் சொல்லி உறுதி செய்துகொண்டு மீதியை அனுப்புங்கள். குறிப்புக் கட்டத்தில் கோஷம் எழுத வேண்டாம். ‘சட்ட உதவி நிதி’, ‘ஆவணச் செலவு’ என்று எதற்குக் கொடுத்தீர்களோ அதை மட்டும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால் அந்த ஒரு வரிதான் உங்களுக்கும் அவர்களுக்கும் சாட்சி.

கமிட்டிக்குக் கணக்கே இல்லையென்றால்? நேரடியாகச் செலவைக் கட்டுங்கள். ஜெராக்ஸ் கடை, மைக்செட்காரர், ஷாமியானாக்காரர், வேன்காரர் ஆகியோருக்கு உங்கள் கணக்கிலிருந்தே அனுப்பி, பில்லைக் கமிட்டி பெயரில் போடச் சொல்லுங்கள். மைக்செட், ஷாமியானா விஷயத்தில் முன்பணம் முக்கியம். போலீஸ் ஒரு வார்த்தை சொன்னால் வாடகைக்குக் கொடுப்பவர் பின்வாங்குவது சகஜம். முன்பணம் வாங்கியவர் அவ்வளவு சுலபமாகப் பின்வாங்க மாட்டார்.

மூன்றாம் படி: வழக்குச் செலவுக்கு முதலிடம்

உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் இங்கே போக வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஏன் என்று ஒரு கணக்கைப் பார்த்தால் புரியும். ஒரு மறியல் வழக்கில் 30 பேர் பெயர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோர்ட் 25 கிலோமீட்டர். போக வர பஸ்ஸுக்கு 60, சாப்பாடு 80, அன்றைய கூலி இழப்பு 500 என்றால் ஒருவருக்கு 640 ரூபாய். முப்பது பேருக்கு ஒரு வாய்தா 19,200. ஆண்டுக்கு ஆறு வாய்தா என்றால் 1,15,200. வக்கீல் ஒரு ரூபாய்கூட வாங்காவிட்டாலும் இவ்வளவு. இதில் பெரும்பகுதி கூலி இழப்பு. எந்த ரசீதிலும் வராத செலவு இது.

இதைக் குறைக்க வழி இருக்கிறது. குற்றம்சாட்டப்பட்டவர் நேரில் வராமல் வக்கீல் மட்டும் ஆஜராக அனுமதி கேட்டு மனு போடலாம். கோர்ட் வட்டாரத்தில் இன்னமும் ‘317 மனு’ என்றுதான் சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்தபின் அது 355-ஆம் பிரிவு. ஒவ்வொரு முறையும் ஏற்பார்கள் என்று சொல்ல முடியாது. ஏற்றால் அந்த நாளில் முப்பது பேரும் வேலைக்குப் போவார்கள். மனுவும் போடாமல் ஆளும் வராமல் இருந்தால் பிடிவாரண்ட் வரும். அதைத் திரும்பப் பெற இன்னொரு மனு, இன்னொரு நாள். எனவே வக்கீலுக்குப் பணம் கொடுக்கும்போது ‘கட்டணம்’ என்று பொதுவாகக் கொடுக்காமல், வாய்தாவுக்கு வாய்தா மனுப் போடும் ஜூனியரின் பயணச் செலவுக்கு என்று சொல்லிக் கொடுங்கள். மூத்த வக்கீல் பலர் இந்த வழக்குகளை இலவசமாக நடத்துகிறார்கள். அலையும் ஜூனியருக்கும் டைப்பிங்குக்கும் சான்றிட்ட நகலுக்கும்தான் காசு தேவைப்படும்.

ஜாமீனில் என்ன செலவு? ரொக்கமாகக் கட்டச் சொல்வது குறைவு. வழக்கமாக இரண்டு ஜாமீன்தாரர் கேட்பார்கள். ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்றும் சில சமயம் நிபந்தனை வரும். அவர்களின் ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது அல்லது வண்டியின் ஆர்.சி. புத்தகம், அவர்களின் ஒரு நாள் கூலி, பயணம், பிரமாணப் பத்திரச் செலவு எல்லாம் உண்டு. கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்பவர்களை யாராவது காட்டினால் வேண்டவே வேண்டாம். எத்தனை பேருக்கு ஏற்கெனவே ஜாமீன் நின்றிருக்கிறோம் என்று ஜாமீன்தாரர் எழுதிக் கொடுக்க வேண்டும்; பொய் என்று தெரிந்தால் அவரோடு சேர்ந்து கமிட்டியும் மாட்டும். ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஒரு வாரம் ஆகிவிட்டால், ஏழை எனக் கருதி சொந்தப் பிணையில் விட அதே புதிய சட்டத்தின் 478-ஆம் பிரிவு வழி செய்கிறது. வக்கீலுக்கு இதை நினைவூட்டுங்கள்.

அதிகம் பேர் மறந்துவிடும் ஒரு செலவு, நிபந்தனை ஜாமீன். ‘வேறு ஊரில் தங்கி தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும்’ என்று உத்தரவானால், ஒரு விவசாயி முப்பது நாள் முன்பின் தெரியாத ஊரில் அறை எடுத்துத் தங்க வேண்டும். அந்த ஊரில் உங்களுக்கு வீடோ உறவினரோ இருந்தால் அந்த அறையே பெரிய நன்கொடை. இல்லையென்றால் லாட்ஜுக்கும் மெஸ்ஸுக்கும் நேரடியாகக் கட்டிவிடுங்கள்.

வழக்கையே ரத்து செய்ய முடியுமா என்று முதல் மாதத்திலேயே பார்க்க வேண்டும். பொது ஊழியரின் உத்தரவை மீறியதாக, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவில், போலீஸே எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உரிய அதிகாரி எழுத்துமூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். கரூர் வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018 செப்டம்பர் 20 அன்று இதைத் தெளிவாகச் சொல்லி வழிமுறைகளும் வகுத்தது. அமைதியாக நடந்த போராட்டங்கள் மீதான பல வழக்குகள் அந்தத் தீர்ப்பைக் காட்டி ரத்தாகியிருக்கின்றன. முப்பது பேர் நான்கு ஆண்டு அலைவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஒரு ரத்து மனுவுக்கு ஆகும் செலவு சிறியது. இளைஞர்கள் பெயர் இருந்தால் இன்னும் அவசரம்: நிலுவையில் உள்ள வழக்கு பாஸ்போர்ட்டையும் அரசு வேலைக்கான போலீஸ் விசாரணையையும் மறிக்கும். கொடுக்க ஒரே ஒரு செலவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வோம்.

குண்டர் சட்டம் என்றால் கதை வேறு. ஓராண்டு வரை விசாரணையின்றி அடைக்கலாம். 2023 நவம்பரில் செய்யாறு அருகே மேல்மா சிப்காட் தொழிற்பேட்டை விரிவாக்கத்தை எதிர்த்த 7 பேர் மேல் அது பாய்ந்தது. எதிர்ப்பு கிளம்பியபின் 6 பேர் மீதான ஆணையை அரசே திரும்பப் பெற்றது. இப்படிப்பட்ட வழக்கில் தடுப்புக் காவல் ஆணையுடன் கட்டாகக் கொடுக்கும் ஆவணங்களைப் பக்கம் பக்கமாகப் படிக்க ஒருவர் வேண்டும். படிக்க முடியாத நகல், தமிழில் மொழிபெயர்த்துத் தராத ஆவணம், அடைக்கப்பட்டவர் கொடுத்த மனுவைப் பரிசீலிக்க எடுத்த தாமதம் இவையே ஆணை ரத்தாகக் காரணமாகியிருக்கின்றன. அந்த வாசிப்புக்கு இரண்டு மூன்று நாள் முழுக்க உட்காரும் வக்கீலுக்குக் கொடுங்கள். காவலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனுவின் பலமே அதில்தான்.

இலவசமாகக் கிடைப்பதற்குப் பணத்தை வீணாக்க வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் கிடைப்பார். அடிபட்டவர் அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்கிவிட வேண்டும். பின்னால் இழப்பீடு கேட்க அதுதான் ஆதாரம்.

நான்காம் படி: காகிதத்துக்குக் கொடுங்கள்

தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்கு கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டினாலே போதும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கு மேல் 90 நாளுக்குள் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. செலவு எங்கே வருகிறது என்று கவனியுங்கள். ‘1,400 பக்கம் இருக்கிறது, 2,800 ரூபாய் கட்டுங்கள்’ என்று கடிதம் வரும். அங்கேதான் பல ஊர்களில் முயற்சி நின்றுவிடுகிறது. உங்கள் 2,800 அப்போது போய்ச் சேர வேண்டும். அதற்கு முன் கோப்பை நேரில் பார்வையிடக் கேட்கும் உரிமை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்; பார்த்து, தேவையான 200 பக்கத்தை மட்டும் குறித்துக் கேட்டால் 400 ரூபாயில் முடியும்.

அடுத்தது, ஒரு திட்டத்தால் என்ன பாதிப்பு வரும் என்று சொல்லும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. மத்திய அரசின் 2006 அறிவிக்கையின்படி, மக்கள் கருத்தைக் கேட்கும் பொது விசாரணைக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். சுருக்கம் தமிழில் இருக்கும்; முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில், பல நூறு பக்கம். கிராமத்தில் எழுந்து பேசுபவர்களின் கையில் இருப்பது சுருக்கம் மட்டும். நீரியல், காற்று, நில வகைப்பாடு ஆகிய மூன்று அத்தியாயங்களை மட்டுமாவது தமிழாக்கி, நூறு பிரதி எடுத்து, விசாரணைக்குப் பத்து நாள் முன்பே வீடு வீடாகச் சேர்க்கப் பணம் கொடுங்கள். விசாரணை நாளில் கூட்டச் செலவைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற நிபந்தனை அங்கே கிடையாது, எண்ணிக்கையை வைத்து முடிவும் எடுப்பதில்லை. எழுத்தில் கொடுத்த ஆட்சேபம் பதிவில் ஏறும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை மக்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் விதி; வாசிக்கும்வரை கலையாமல் இருக்கச் சொல்லுங்கள். ஒரு தனி வீடியோக்காரரை அமர்த்துவது நல்ல செலவு.

திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் கதவு மூடிவிடும். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். இழப்பீடு கேட்டால் அந்தத் தொகையில் 1 சதவீதம். பணம் சேரட்டும் என்று காத்திருந்து நாளைத் தவறவிட்ட ஊர்கள் உண்டு. கையில் வைத்திருக்கச் சொன்ன அந்த மூன்றில் ஒரு பங்கை இதற்காகவும்தான் சொன்னோம்.

தண்ணீர்ப் பரிசோதனைக்குக் கொடுப்பதாக இருந்தால், என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சான்றளிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கிணறு, என்ன நேரம், யார் எடுத்தார், யார் சாட்சி, எத்தனை மணிக்கு ஆய்வகத்தில் கொடுத்தார் என்பதை எழுதி, எடுக்கும்போதே படமும் எடுத்து வைக்க வேண்டும். கோக் பாட்டிலைக் கழுவிப் பிடித்த தண்ணீருக்கு எவ்வளவு கட்டணம் கட்டினாலும் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் அதைத் தள்ளிவிடுவார்.

துண்டறிக்கைக்குக் கொடுத்தால் அச்சகப் பெயரும் வெளியிடுபவர் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சின்னப் பத்திரிகைகளுக்கும் சுயாதீன ஊடகங்களுக்கும் ஆண்டுச் சந்தா கட்டுங்கள். நன்கொடை என்ற பேச்சே அதில் எழாது.

ஐந்தாம் படி: ஆளுக்குக் கொடுப்பது

பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022 முதல், பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் கூடினார்கள். பலருக்கும் இப்படித்தான் முடியும். பகலில் கலெக்டர் அலுவலகம், தாலுகா ஆபீஸ், கோர்ட் என்று போய்வர ஒருவராவது வேலையை விட வேண்டும். அந்த முழுநேர ஊழியரின் மாதப் படியை இருபது பேர் பகிர்ந்துகொள்வது, நாம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியங்களில் ஒன்று. இருபது பேர் 600 வீதம் போட்டால் 12,000. அதோடு அவர் பெயரில் ஒரு மருத்துவக் காப்பீடும் எடுத்துவிடுங்கள். படியைக் கமிட்டி கணக்கின் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். ஒரு பெரிய கொடையாளி நேரடியாகக் கொடுத்தால், ஊழியர் ஊருக்குப் பதில் சொல்வாரா, கொடுத்தவருக்கா என்ற பேச்சு ஊரில் கிளம்பும். அந்தப் பேச்சு போராட்டத்தையே பிளக்கும்.

பணம் இல்லாதவர் பொருளாகக் கொடுக்கலாம். ராஜஸ்தானில் 1996-இல் தகவல் உரிமை கேட்டு மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு பியாவரில் 40 நாள் தர்ணா இருந்தபோது கிராமத்துக் குடும்பங்கள் தானியம் கொடுத்து அடுப்பை எரியவைத்தன. 2020 நவம்பரிலிருந்து ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லையில் இருந்த விவசாயிகளுக்குப் பஞ்சாப் கிராமங்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று வரி போட்டு அனுப்பின. அரிசி, பருப்பு, எண்ணெய் போன்ற கெடாத பொருளாகக் கேட்டுக் கொடுங்கள். பொட்டலச் சாப்பாடு வேண்டாம். பாதி குப்பைக்குப் போகும்.

ஆறாம் படி: பணச் சட்டம்

ஒரு செயல்பாட்டாளரின் சொந்தக் கணக்குக்குக் கொடுக்கும்போது ஒரு வரம்பு இருக்கிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் தொகை மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் அவர் வரி கணக்குக் காட்ட வேண்டும். நூறு பேர் ஆளுக்கு 600 போட்டாலே தாண்டிவிடும். நல்ல எண்ணத்தில் கொடுத்து அவருக்கு நோட்டீஸ் வரவைப்பது இப்படித்தான். ஒரு நோக்கம் சொல்லித் திரட்டிய பணத்தை இன்னொன்றுக்குச் செலவழித்தால் மோசடிப் புகாரும் வரலாம். எனவே திரட்டும் அறிவிப்பிலேயே ‘வழக்கு, பயணம், ஆவணம், மருத்துவம்’ என்று அகலமாக எழுதச் சொல்லுங்கள்.

வரிவிலக்கு வேண்டுமானால் 80ஜி பதிவு உள்ள அறக்கட்டளைக்குத்தான் கொடுக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படியும் கிடையாது. நன்கொடைச் சான்றிதழை (பழைய சட்டத்தில் 10பிஇ) அறக்கட்டளையிடம் கேட்டு வாங்குங்கள். 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆடிட்டரிடம் எண்ணைக் கேட்காமல் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். ரொக்கத்தில் 2 லட்சத்தை ஒருவரிடமிருந்து ஒரே நாளில் வாங்கினால் அதே அளவு அபராதம். கமிட்டிகள் கடனாக வாங்கும்போதும் கவனம்: 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கக் கடன் கூடாது.

அரசு ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-இன் 5-ஆம் விதி, அரசியல் இயக்கத்துக்குப் பணம் கொடுப்பதையே தடை செய்கிறது. மாநில ஊழியர்களுக்கும் தனி விதிகள் உண்டு. சந்தா, நூலகப் புத்தகம், பதிவுபெற்ற சட்ட உதவி அறக்கட்டளை என்று நில்லுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியா, கனடா குடியுரிமை வாங்கிவிட்டால், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், பத்து டாலர்கூட வெளிநாட்டு நன்கொடைதான். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது கையில் ரூபாயாகக் கொடுத்தாலும் அப்படியே. அங்கே சங்கத்தில் வசூல் செய்து, இந்தியக் குடிமகன் ஒருவர் பெயரில் அனுப்புவதும் ‘சொந்தச் சேமிப்பு’ ஆகாது. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத ஊர்க்கமிட்டிக்கு இப்படி ஒரு தொகை வந்தால் போதும், ‘வெளிநாட்டுப் பணம்’ என்று மொத்தப் போராட்டத்தையும் முத்திரை குத்திவிடுவார்கள். கூடங்குளத்தில் அந்தக் குற்றச்சாட்டைப் பிரதமரே 2012-இல் எழுப்பினார். பதிவு உள்ள நிறுவனமும் 2020 திருத்தத்துக்குப் பின் டெல்லி நாடாளுமன்றத் தெருவிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில் மட்டுமே வாங்க முடியும்; இன்னொரு அமைப்புக்கு அதை மாற்றிக் கொடுக்கவும் முடியாது. எனவே ‘பெரிய அமைப்புக்கு அனுப்புகிறோம், அவர்கள் ஊருக்குக் கொடுக்கட்டும்’ என்ற பழைய வழி அடைபட்டுவிட்டது. பந்த், ஹர்த்தால் போன்ற போராட்ட வடிவங்களைக் கையாள்கிறது என்பதற்காக மட்டும் ஓர் அமைப்பை அரசியல் அமைப்பு என்று ஒதுக்க முடியாது என 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அது பதிவு வாங்கப் போராடும் நிறுவனத்துக்குப் பயன்படும். பதிவே இல்லாத கமிட்டிக்கு அல்ல. வெளிநாட்டுக் குடிமக்கள் பணத்தைவிட்டு வேலையைக் கொடுக்கலாம்: மொழிபெயர்ப்பு, அறிவியல் கட்டுரைகளைத் தேடி வாசித்துச் சொல்வது, ஆவணங்களை ஒழுங்குபடுத்துவது.

ஏழாம் படி: தேர்தல் வந்தால்

நடத்தை விதி அமலில் இருக்கும்போது ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் கையில் எடுத்துப் போனால் பறக்கும் படை பிடிக்கும். அந்த வாரங்களில் ரொக்கமே வேண்டாம். போராட்டக் குழுவில் ஒருவர் வேட்பாளராக நின்றால் நீங்கள் கொடுத்தது தேர்தல் செலவாகப் பார்க்கப்படலாம். வேட்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அவருக்காகக் கூட்டம், விளம்பரம் என்று செலவழிப்பது தனிக் குற்றம். அவர் மனுத் தாக்கல் செய்யும் முன்பே கமிட்டிப் பொறுப்பிலிருந்தும் வங்கிக் கையெழுத்திலிருந்தும் விலக வேண்டும். விலகிய தேதி தீர்மான நோட்டில் ஏற வேண்டும். அதுவரை உங்கள் தவணையை நிறுத்தி வைத்தாலும் தவறில்லை.

எட்டாம் படி: கணக்கு

ராஜஸ்தான் மக்கள் அரசிடம் ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்று கேட்டுத்தான் தகவல் உரிமைக்கு வழி பிறந்தது. அந்தக் கேள்வியை எழுப்பும் இயக்கங்கள் தங்கள் கணக்கையும் திறந்து வைத்தாக வேண்டும். பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். வரவுக்கு ஒன்று, செலவுக்கு ஒன்று என இரண்டு நோட்டு. பில் இல்லாத செலவுக்கு வவுச்சர்: தேதி, யாருக்கு, எதற்கு, எவ்வளவு, இரண்டு கையெழுத்து. பஸ் டிக்கெட்டை ஒட்டி வைக்க ஒரு தனி நோட்டு. மாதம் ஒரு முறை ஊர்க்கூட்டத்தில் சத்தமாக வாசிப்பது. பணம் கொடுத்தவர்களின் பெயரை வாசிக்க வேண்டியதில்லை. தொகையை வாசித்தால் போதும். வெளியில் ஒட்டும் பட்டியலில் கொடையாளிகளின் பெயர் வராமல் இருப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு. ஆனால் பெயர், பான் எண்ணோடு முழுப் பதிவேடு கமிட்டியிடம் இருக்க வேண்டும். வருமான வரி அதிகாரி கேட்டால் ‘பொதுமக்கள் கொடுத்தார்கள்’ என்பது பதிலாகாது. நோட்டுகளை வாரம் ஒரு முறை படமெடுத்து இரண்டு பேரிடம் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். சோதனையில் நோட்டை எடுத்துப் போய்விட்டால் கணக்கும் போய்விடும்.

கொடுத்தவர் என்ற முறையில் உங்களுக்குள்ள உரிமை கணக்குக் கேட்பதோடு முடிகிறது. எப்போது மறியல், யாரோடு பேச்சுவார்த்தை என்று சொல்ல அந்த 500 ரூபாய் அனுமதி தரவில்லை. நிலம் போகப்போவது அவர்களுக்கு.

கடைசியாக, முதல் ரூபாய் வாங்கும் முன்பே எழுத வேண்டிய ஒரு தீர்மானம்: போராட்டம் வென்றாலோ முடிந்தாலோ மீதிப் பணம் என்னவாகும்? இது எழுதப்படாமல், வெற்றிக்குப் பிறகு 40,000 ரூபாய்க்காக உறவு முறிந்த கமிட்டிகள் இருக்கின்றன. கடைசி வழக்கு முடியும்வரை தொகை அதே கணக்கில் இருக்கும், அதன்பின் மீதியை இதே போன்ற வழக்கில் இருக்கும் இன்னொரு ஊருக்குச் சட்ட உதவியாக அனுப்புவோம் என்று இரண்டு வரி எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, நகலைக் கொடுப்பவர்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அந்த நகல் வந்ததும் முதல் தவணையை அனுப்பலாம்.